அடகு வைத்த அமைதி

பெரிய மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் அதன் வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கும். அந்தக் கடையின் கம்பத்தில், நுனி கனன்றுகொண்டேயிருக்கும் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும். மனைவியையோ தாயையோ மகனையோ உள்ளே படுக்கையில் விட்டுவிட்டு, வைத்தியர் சொன்னதைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வெளியே வருகிற மனிதர், அந்தக் கயிற்றை எடுத்துச் சிகரெட்டின் முனையில் வைத்து, கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுத்த பிறகே நிமிர்ந்து தெருவைப் பார்க்கிறார். அப்பொழுது அவருடைய தோள்கள் தளர்வதை அருகில் நிற்பவர் காணலாம். என் தந்தையார் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் அத்தகைய ஒரு கடையின் பெஞ்சில் பல மாலைப் பொழுதுகளைக் கழித்தவன் ஆகையால், அந்தத் தளர்ச்சி பாசாங்கன்று, மெய்யான நிம்மதியே என்பதை நான் அறிவேன்.

அங்ஙனமாயின், மனத்தை ஆற்றுகிறதென்று அனுபவத்தில் கண்ட ஒன்றை, குடும்பத்தின் தலையில் இடி விழுந்திருக்கும் சமயம் பார்த்து விட்டுவிடச் சொல்வது நியாயந்தானா? “இந்தக் கஷ்டமெல்லாம் தீரட்டும், அப்புறம் விடுகிறேன்” என்று சொல்லாத புகைப்பழக்கக்காரர் அபூர்வம். அந்த வாக்கியத்தை நாம் சோம்பேறியின் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அது ஒரு விஞ்ஞானக் கேள்வி. விஞ்ஞான ரீதியிலேயே அதற்கு விடை தேட வேண்டும்.

கோழிக் காலில் கிடைத்த துப்பு

புகையிலைச் செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதற்காக வேரிலே தயாரித்து இலைகளுக்கு அனுப்பி வைக்கும் நஞ்சுதான் நிக்கோட்டின். பூச்சியின் நரம்பைக் குலைக்கப் பிறந்த இந்தப் பொருள் மனித நரம்பிலும் வேலை செய்வானேன் என்பதற்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆராய்ந்த ஜான் நியூபோர்ட் லாங்லி 1905இல் ஒரு விடையைக் கண்டார். கோழியின் கால் தசைக்குச் செல்லும் நரம்பை அறுத்து, அது முற்றிலும் நலிந்துபோகும்வரை காத்திருந்து, அதன் பின்னர் நிக்கோட்டினைச் செலுத்தியபோதும் அத்தசை சுருங்குவதை அவர் கவனித்தார். நரம்பே இல்லாதபோதும் தசை சுருங்குமானால், நிக்கோட்டினை எதிர்கொண்டு வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் தசையிலேயே இருந்தாக வேண்டும் என்பது அவருடைய அனுமானம். அந்தப் பொருளைத் தமிழில் ஏற்பி என்கிறோம்: குறிப்பிட்ட ஒரு இரசாயனம் வந்து அமர்வதற்கென்றே உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்துள்ள ஆசனம்.

அந்த ஆசனம் நிக்கோட்டினுக்காக ஏற்பட்டதன்று. நம் நரம்புகளே சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கு உரியது அது. அசிட்டைல்கோலின் வந்து அமர்ந்து, செய்தியைச் சொல்லிவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் சிதைக்கப்பட்டு மறைந்துவிடும். உருவ ஒற்றுமையால் உள்ளே நுழைந்த நிக்கோட்டினோ அவ்வளவு எளிதில் எழுந்து போவதில்லை. இழுத்த புகை நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளையை அடைய 10 முதல் 20 விநாடிகளே பிடிக்கின்றன. அங்கே ஏற்பியில் அது அமர்ந்ததும், டோப்பமின் என்ற மற்றொரு பொருள் சுரந்து, “இது நல்லது, இதை மறவாதே, மீண்டும் தேடு” என்ற முத்திரையை நினைவில் குத்திவிடுகிறது. ஆசனங்களில் அந்நியர் எந்நேரமும் அமர்ந்திருந்தால் அவை மரத்துப்போகின்றன; மரத்துப்போன ஆசனங்களுக்கு ஈடாக மூளை புதிய ஆசனங்களைப் போடுகிறது. நாள்பட்டுப் புகைப்பவருடைய மூளையில் இவ்வேற்பிகள் மற்றவர்களைவிட மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. கிடைக்காதபோது கூக்குரலிடும் வாய்கள் அத்தனையும் மிகுந்துவிட்டன என்றுதான் அதற்குப் பொருள்.

ஒரு குமாஸ்தாவின் ஒரு நாள்

இனி ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். மாயவரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, வயது 48, நாளொன்றுக்குச் சுமார் 12 சிகரெட். மனைவிக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, சென்னையில் சிகிச்சை நடக்கிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு, உறவினர் வீட்டில் தங்கி, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்.

இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இந்த ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அவருடைய நாளைப் பின்தொடரலாம். இரவு 10 மணிக்குக் கடைசிச் சிகரெட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறார். 12 மணிக்குப் பாதி, 2 மணிக்குக் கால், 4 மணிக்கு அரைக்கால், காலை 6 மணிக்கு அவர் கண் விழிக்கும்போது மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. அவருடைய ஏற்பிகள் அநேகமாகக் காலியாகி, இரவெல்லாம் ஓய்வெடுத்து, மரப்பு நீங்கி, பசியோடு காத்திருக்கின்றன. காலையின் முதல் சிகரெட்டே மிக ருசியானது என்று எல்லாரும் சொல்வதன் இரகசியம் இதில் அடங்கியிருக்கிறது.

வைத்தியர் பார்வையிட வருவார் என்று 9 மணியிலிருந்து 12 மணிவரை வார்டை விட்டு நகர முடியாமல் அவர் நிற்கிறார். மனைவியின் நோயைப் பற்றிய கவலை 9 மணிக்கும் இருந்தது, 12 மணிக்கும் இருக்கிறது. ஆனால் இந்த 3 மணி நேரத்தில் நிக்கோட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கவலையோடு கூடவே ஒரு பரபரப்பும், சிடுசிடுப்பும், எதிலும் மனம் நிலைக்காத அவஸ்தையும் வந்து சேர்ந்துள்ளன. 12 மணிக்கு வாசலுக்கு ஓடி ஒன்றைப் பற்றவைக்கிறார். வந்து சேர்ந்தது விலகுகிறது. பழையது அப்படியே நிற்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மனத்துக்குள் ஒன்றாய்க் கலந்திருந்தமையால், விலகியது எதுவென்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. தம் துக்கத்தையே புகை குறைத்ததாக அவர் உறுதியாக நம்பிவிடுகிறார்.

இங்கிலாந்தின் உளவியலாளர் ஆண்டி பேரட் 1999இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: சிகரெட் பிடித்தபின் புகைப்பவர் அடையும் அமைதி, புகைக்காதவர் ஒன்றும் செய்யாமலே அடைந்திருக்கும் சாதாரண நிலைதான். நகையை அடகு வைத்தவன், வட்டி கட்டி மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்ட அன்று, புதிதாக ஒரு நகை கிடைத்ததுபோல் மகிழ்வான். மறுநாள் அதையே திரும்ப அடகு வைப்பான். நம் குமாஸ்தா நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை தம் அமைதியை அடகு வைத்துப் பன்னிரண்டு முறை மீட்கிறார்.

ஒரே முகமுடைய இரண்டு துன்பங்கள்

தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு, ஒருமுகப்பட முடியாமை. இவை புகையை நிறுத்தியவருக்கு வரும் தொல்லைகள் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. இவற்றை விலகல் அவஸ்தை என்று வைத்துக்கொள்வோம். இதே பட்டியலைத் துக்கத்தில் ஆழ்ந்தவரிடம் காட்டினால், தம்முடைய நிலையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பார். ஆகவே கஷ்ட காலத்தில் எந்த உதவியுமின்றிப் புகையை நிறுத்துகிறவர், தம் வாழ்க்கை முன்பைவிடத் தாங்க முடியாததாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பே. அதைக் கோழைத்தனம் என்று பழிப்பவர்கள், ஒரே வேளையில் இரண்டு பாரம் சுமந்தறியாதவர்கள்.

ஆயினும் இவ்விரண்டு துன்பங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விலகல் அவஸ்தைக்கு நாட்காட்டி உண்டு, துக்கத்துக்குக் கிடையாது. நிறுத்திய முதல் வாரத்திலேயே உச்சத்தை எட்டி, மூன்று நான்கு வாரங்களில் அது பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மிகுந்துபோன ஏற்பிகளும் சில வாரங்கள் முதல் மூன்று மாதத்துக்குள் புகைக்காதவருடைய அளவுக்குத் திரும்புகின்றன. இந்தச் சில வாரங்களைக் கடக்கும்வரை ஒரு பாரத்தையாவது வேறொருவர் தாங்கிப் பிடித்தால் போதும் என்ற நிலையில்தான் மருந்து வந்து சேர்கிறது.

துண்டு போட்டு இடம் பிடித்தல்

ஐரோப்பாவில் லபர்னம் என்றொரு மரம். மஞ்சள் மலர்கள் சரஞ்சரமாய்த் தொங்கும். பார்வைக்கு நம் சரக்கொன்றையைப் போலவே இருப்பதால் நம் கொன்றையை ஆங்கிலேயர் இந்திய லபர்னம் என்றே அழைத்தனர். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு மேல் அவற்றுக்குள் நெருங்கிய உறவில்லை. லபர்னத்தின் எல்லா உறுப்புகளும் நஞ்சு. ஆனால் இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிட்டாத படைவீரர்கள் அதன் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். புகையிலை தந்ததில் ஏதோ ஒரு பங்கை அதுவும் தந்தது. அதிலிருந்து பிரிக்கப்பட்ட சைட்டிசின் என்ற பொருளைக் கொண்டு, புகையை விடுவிக்கும் மாத்திரையைப் பல்கேரியா 1964லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரும்புத்திரைக்கு மேற்கே இருந்த வைத்தியர்கள் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டன் நகரிலுள்ள ஃபைசர் ஆராய்ச்சிக்கூடத்தில், சைட்டிசினின் அமைப்பை ஆதாரமாகக் கொண்டு இரசாயன அறிஞர்கள் ஆக்கிய வரெனிக்ளின் என்ற மருந்துக்கு 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இதன் தந்திரம் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அன்றாடம் காணக்கூடியது. வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அவ்வாறே வரெனிக்ளின் ஏற்பியின் ஆசனத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. வெறுமனே அடைத்துக்கொண்டு நின்றாலோ விலகல் அவஸ்தை மூண்டுவிடும். ஆகவே அமர்ந்த இடத்திலிருந்து ஓரளவுக்கு டோப்பமினையும் சுரக்கச் செய்கிறது, நிக்கோட்டின் செய்வதில் ஒரு பங்கு மட்டும். இத்தகைய பொருளுக்குப் பகுதித்தூண்டி என்று பெயரிடலாம். பசி முற்றாமல் கஞ்சி வார்ப்பது ஒன்று. விருந்துக்கு வருகிறவனுக்கு இலை இல்லாமல் செய்வது மற்றொன்று. இந்த இரண்டு காரியங்களையும் ஒரே மாத்திரை செய்துவிடுகிறது. அதை உண்ணும் நாட்களில் பழக்கதோஷத்தால் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால், புகை உள்ளே போகும், எதிர்பார்த்தது வராது, வைக்கோலைக் கொளுத்தி இழுத்ததுபோல் இருந்தது என்பார்கள்.

வேறு மருந்துகளும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க இயலாத மாலுமிகள் வாய்ப்புகையிலையை நாடுவதைக் கவனித்ததிலிருந்து ஸ்வீடனில் பிறந்த நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டை, மனச்சோர்வுக்கு ஏற்பட்டுப் பின்னர் 1997இல் புகையை விடவும் அனுமதி பெற்ற புப்ரோப்பியான் ஆகியவை அவை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோப்பியான் ஆகாது. பீடி பிடிப்பவர்களும் இவை தங்களுக்கல்ல என்று எண்ண வேண்டாம். பீடிக்குள் இருப்பதும் அதே நிக்கோட்டின்தான்.

ஒரு பயமும் 8144 பேரும்

வரெனிக்ளின் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளில், அதை உண்டவர்களிடம் மனக்கலக்கம், மூர்க்கம், தற்கொலை எண்ணம் ஆகியவை தோன்றியதாகச் செய்திகள் வந்தன. 2009இல் அமெரிக்க அரசு மருந்தின் உறையில் கறுப்புக் கட்டமிட்ட கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. ஏற்கெனவே மனம் நொந்திருப்பவருக்கு இதைவிடப் பயங்கரமான செய்தி என்ன இருக்க முடியும்? ஆனால் சற்று யோசித்தால் நாம் முன்பு கண்ட சிக்கலே இங்கும் தலைகாட்டுவது தெரியும். புகையை நிறுத்தினாலே மனம் கலங்கும். கஷ்டத்தில் இருப்பவர் மனம் எப்படியும் கலங்கும். அப்படியிருக்கக் குற்றம் மாத்திரையினுடையதுதானா?

இதைத் தீர்க்க ஒரே வழி, பெருந்தொகையான மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, எவர் எதை உண்கிறார் என்பதை அவருக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி மறைத்துப் பரிசோதிப்பது. 16 நாடுகளில் 8144 பேரை நான்கு பிரிவாக்கி, வரெனிக்ளின், புப்ரோப்பியான், நிக்கோட்டின் பட்டை, மருந்தே இல்லாத போலி மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த அந்தப் பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2016இல் வெளிவந்தது. கலந்துகொண்டவர்களில் பாதிப்பேர் மனநோய்க்கு ஆளானவர்கள் அல்லது முன்பு ஆளாகியிருந்தவர்கள். அவர்களிடையே மனக்கலக்கம் அதிகமாகத்தான் காணப்பட்டது. ஆனால் போலி மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிடும்போது, மருந்து உண்டவர்களிடம் அது குறிப்பிடத்தக்க அளவில் கூடியிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கறுப்புக் கட்டம் நீக்கப்பட்டது.

9ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம்வரை ஒரு சிகரெட்டும் தொடாதவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 12.5, பட்டையில் 23.4, புப்ரோப்பியானில் 22.6, வரெனிக்ளினில் 33.5. இந்த எண்களை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். அவை நம்பிக்கை தருவது போலவே அடக்கத்தையும் கற்பிக்கின்றன. மிகச் சிறந்த மருந்தை உண்டும் மூன்றில் இருவர் அந்த முறை தோற்றார்கள். தோற்றவர் எவரையும் மனவுறுதி இல்லாதவர் என்று ஏச இனி யாருக்கும் அதிகாரமில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்ட மனநோயாளிகள், நோய் ஓரளவு கட்டுப்பட்டு நிலைபெற்றிருந்தவர்கள். துக்கம் முற்றி, உயிரையே வெறுக்கும் எண்ணம் தலையெடுத்திருப்பவர், சிகரெட்டைப் பற்றி யோசிக்கும் முன்பு அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்து உண்ணத் தொடங்கியபின் மனப்போக்கு விபரீதமாக மாறினாலும் அப்படியே.

நாள் குறிக்க முடியாதவர்

நம் குமாஸ்தாவிடம் திரும்புவோம். வரெனிக்ளினை உண்ணும் வழக்கமான முறை, 3 நாட்கள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த 4 நாட்கள் அதே அளவு இரு வேளை, பின்பு 1 மில்லிகிராம் இரு வேளையாக மொத்தம் 12 வாரம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றோடு நிறுத்துவது. அவரோ, “எந்த நாளைக் குறிப்பது ஐயா? செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள், வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு மாதத்திற்குள் நிறுத்த முடியாது, ஆனால் குறைத்துக்கொண்டு வர முடியும் என்று சொன்ன 1510 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. முதல் 4 வாரத்தில் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அடுத்த 4 வாரத்தில் அதிலும் பாதியாக்கி, 12ஆம் வார முடிவில் பூஜ்யத்துக்கு வந்து, மாத்திரையை மட்டும் 24 வாரம்வரை தொடர்வது என்பது திட்டம். 15ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம்வரை புகையைத் தொடாதவர்கள், வரெனிக்ளின் உண்டோரில் நூற்றுக்கு 32.1, போலி மாத்திரை உண்டோரில் 6.9. “அப்புறம் விடுகிறேன்” என்பவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அப்புறமே விடலாம், மாத்திரையை மட்டும் இன்றைக்கு ஆரம்பிக்கலாம்.

குமாஸ்தா ஆரம்பிக்கிறார். பன்னிரண்டு சிகரெட் ஆறாகிறது. வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிய முதல் நாள் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு விழுங்கிய பிறகு பொறுக்கும்படியானது. இரவில் வர்ணமயமான, விசித்திரமான கனவுகள் வருகின்றன. மாலை மாத்திரையைச் சற்று முன்னதாகச் சாப்பிடச் சொல்கிறார் வைத்தியர். சிறுநீரகக் கோளாறு உண்டா என்று அவர் முன்பே விசாரித்திருந்தார். உண்டானால் அளவு குறையும்.

ஆறு மூன்றாகி, மூன்று ஒன்றாகி, பன்னிரண்டாம் வார முடிவில் ஒன்றும் இல்லையென்று ஆன சமயத்தில், எதிர்பாராத ஒரு தொந்தரவு: நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நடுநிசிவரை விழிப்பு. மாத்திரையைச் சந்தேகித்தார். குற்றவாளி காபி. சிகரெட் புகையிலுள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியின் காஃபினை விரைவில் சிதைக்கச் செய்கின்றன; புகை நின்றதும் கல்லீரல் தன் இயல்பான நிதானத்துக்குத் திரும்புகிறது; முன்போலவே நாளைக்கு நான்கு தம்ளர் டிகிரி காபி குடித்தால் உடலில் தங்கும் காஃபின் ஏறத்தாழ இருமடங்காகிறது. இரண்டு தம்ளராகக் குறைத்தார், படபடப்பு அடங்கியது. புகையை விட்டதனால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று எண்ணித் திரும்பவும் புகைக்கப் போனவர்களில் எத்தனை பேரைக் காபி அனுப்பி வைத்ததோ!

பதினான்காம் வாரத்தில் மனைவியின் ஸ்கேன் முடிவு வந்தது, நல்லதாயில்லை. அவர் எழுந்து வெளியே நடந்தார். கால்கள் தாமாகவே பெட்டிக்கடைக்குச் சென்றன, கடைக்காரர் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார், கயிறு கனன்றுகொண்டிருந்தது. நான்கு இழுப்பு இழுத்தார். தோள்கள் தளரவில்லை. அடகில் ஒன்றும் இல்லாதபோது மீட்பதற்கும் ஒன்றுமில்லை. ஸ்கேன் முடிவு எங்கேயோ அங்கேயே இருந்தது. பாதிச் சிகரெட்டைக் காலடியில் போட்டுத் தேய்த்துவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பல மாதங்களாக அழாத அழுகையை அழுதார். கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

எல்லாம் பாழாயிற்று என்று எண்ணி மாத்திரையை அவர் நிறுத்தியிருந்தால்தான் உண்மையில் பாழாகியிருக்கும். ஒரு முறை சறுக்கினாலும் மருந்தைத் தொடர வேண்டும் என்பது வைத்தியர் முன்பே சொல்லி வைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, வார்டில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டு முடித்ததும், தன் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டாள்:

“உங்களுது எங்க?”

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினார். அவள் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.